தங்கம் ஒட்டும்போது மின்விசிறி ஓடாது

தலையைக் கொஞ்சம் குனிந்துகொள்ளுங்கள், நிலை தாழ்வு. செருப்பைத் திண்ணை ஓரத்திலேயே விட்டுவிடுங்கள். உள்ளே வந்ததும் சுவரைப் பார்க்காதீர்கள், முதலில் தரையைப் பாருங்கள். ஒரு பிள்ளையார் காய்ந்துகொண்டிருக்கிறார். அவருக்குப் பக்கத்தில் தலையில்லாத ஒரு லட்சுமி. அந்தப் பக்கம் கால் வைத்தால் ராமர் பட்டாபிஷேகத்தில் அனுமார் வாலை மிதித்துவிடுவோம்.

தஞ்சாவூர் மேலவீதிக்குப் பின்னால் இருக்கிற ஒரு சந்து இது. வெளியே பெயர்ப்பலகை கிடையாது. எத்தனையோ முறை இந்த ஊரின் கடைகளில் கண்ணாடிக்குள், மஞ்சள் விளக்கின் கீழ், விலைச்சீட்டோடு தொங்கும் ஓவியங்களைப் பார்த்து வாய் பிளந்திருக்கிறேன். அந்தப் படங்கள் பிறக்கிற அறைக்குள் நுழைய இன்றைக்குத்தான் வழி கிடைத்தது. அதுவும் சாதாரணப் பட்டறை இல்லை. தாத்தா காலத்துப் பலகை வேலையும் கும்பகோணம் கவின் கலைக் கல்லூரியில் கற்ற ஆயில் பெயின்டிங்கும் ஒரே பலகையில் சந்திக்கிற இடம். சந்தோஷத்தில் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அனுமார் வாலுக்கு அதுவும் ஒருவகையில் பாதுகாப்புதான்.

“என் பேரு வேணாங்க. பேரைப் போட்டா நாளைக்கே ஆள் வந்து கதவைத் தட்டும். தங்கம் ஒட்டுறப்ப கதவைத் திறக்க முடியாது” என்கிறார் ஓவியர். கையில் பிரஷ், தோளில் ஈரிழைத் துண்டு, முழங்கை வரைக்கும் சாக்பவுடர். அவர் கேட்டுக்கொண்டபடியே பெயர் இல்லாமல் போகலாம். நமக்கு வேண்டியது அறைதானே!

அறையைப் பாருங்கள்! ஹார்லிக்ஸ் பாட்டில் நிறைய பிரஷ்கள், சிலவற்றில் நாலே நாலு மயிர். எவர்சில்வர் டம்ளரில் ஊறும் பிசின். பிஸ்கட் டப்பாவில் சிவப்பும் பச்சையுமாக ஜெய்ப்பூர் கற்கள். போன வருடத் தினசரிக் காலண்டரின் அட்டைதான் வண்ணம் குழைக்கும் தட்டு. அதன் மேல்மூலையில் இன்னும் முருகன் சிரிக்கிறார், கன்னத்தில் கொஞ்சம் நீலம் அப்பியிருக்கிறது. ஜன்னல் மாடத்தில் டர்பன்டைன் பாட்டிலும் தேங்காய் எண்ணெய் பாட்டிலும் தோளோடு தோள் ஒட்டி நிற்கின்றன. ஒரு நாள் அவசரத்தில் பட்டறைப் பையன் எதை எடுத்துத் தலையில் தேய்த்தான் என்பதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். பையன் காது வரை சிவக்கிறான்.

சுவரோரமாக ஒரு பெரிய பலகை, வேட்டித் துணியால் மூடி நிற்கிறது. இன்றைக்கு முடியப்போகிற படம் அதுதான். “அதை அப்புறம் பாக்கலாம், மொதல்ல கீழேருந்து வாங்க” என்று என்னைத் தன் பெரியப்பாவிடம் அனுப்பிவிடுகிறார்.

பெரியப்பாவுக்குப் பார்வை மங்கிவிட்டது. ஆனால் பலகை தேய்ப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. அந்தக் காலத்தில் பலாப் பலகைதான். அதனாலேயே இதற்குப் ‘பலகைப் படம்’ என்று பேர். இப்போது பிளைவுட். அதன்மேல் துணியை ஒட்டி, பிசினும் சாக்பவுடரும் குழைத்துப் பூசி, காயவைத்து, மறுபடி பூசி, உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டே இருக்கவேண்டும். எப்போது நிறுத்துவது? பெரியப்பா கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையைப் பலகைமேல் ஓட்டுகிறார். ஒரு மூலையில் கை நிற்கிறது. “இங்க ஒண்ணு இருக்கு.” நான் தொட்டுப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. பையன் தொட்டுப் பார்த்தான், அவனுக்கும் தெரியவில்லை. பெரியப்பா அங்கே மட்டும் நாலு இழுப்பு இழுத்துவிட்டு, “இப்பத் தொடு” என்றார். சத்தியமாக, வித்தியாசம் தெரிந்தது!

அடுத்த பலகையில், பையன் ‘அக்கா’ என்று கூப்பிடும் பெண். அவர் கை ஓடுவதைப் பார்க்கவே ஒரு டிக்கெட் போடலாம். பிசினும் சாக்பவுடரும் குழைத்த மக்கை பிரஷ் நுனியில் தொட்டு, மண்டபத்துத் தூண், வளைவு, மாலை, கிரீடம் என்று இழுத்துக்கொண்டே போகிறார். அரிசிமாவுக் கோலத்தின் கம்பிபோல அது மேடாக எழும்புகிறது. மார்கழிக் கோலத்துக்கு ஆயுசு ஒருநாள். இது நூறு வருஷம் நிற்கவேண்டும். மேட்டுக்கு நடுவே பள்ளம் விட்டு அதில் கல்லைப் பதிக்கிறார். பேச்சு ஒரு பக்கம், கை ஒரு பக்கம். மகளின் பள்ளிக்கூடக் கட்டணம், கீழவாசல் மார்க்கெட்டில் கத்தரிக்காய் விலை, நேற்றைய சீரியலில் மாமியார் செய்த அநியாயம், எல்லாவற்றையும் பேசிக்கொண்டே ஒரு சங்கிலியில் இம்மி பிசகாமல் முத்து முத்தாக வைத்துக்கொண்டு போகிறார். கல் ஒன்று கை தவறிக் கீழே விழுந்தால் எல்லாரும் அப்படியே உறைந்துபோய்விட வேண்டும். யாரும் நகரக்கூடாது. பையன் மட்டும் தரையில் கன்னத்தை வைத்துப் படுத்துத் தேடுவான். கிடைத்ததும் உலகம் மறுபடி சுழலும்.

அப்புறம் ஓவியர் சுவிட்சை அணைத்தார்.

மின்விசிறி கிர்ரென்று தளர்ந்து நின்றது. ஜன்னல் கதவுகள் சாத்தப்பட்டன. கதவுக்குத் தாழ்ப்பாள். வெளியே ஆடிக்காற்று தென்னை ஓலைகளைப் போட்டு அடித்துக்கொண்டிருக்கிறது. உள்ளே ஒரு துளிக் காற்று கிடையாது. தங்க ரேக்கு வெளியே வரப்போகிறது!

ரேக்கை நேரில் பார்த்திருக்கிறீர்களா? இரண்டு தாள்களுக்கு நடுவே படுத்திருக்கும். பெருமூச்சு விட்டால் போதும், எழுந்து பறந்துவிடும். பிள்ளையாரின் கிரீடத்தில் பசை தடவி, ரேக்கை அளவாக வெட்டி, மெல்ல இறக்கி, மக்கின் மேடுபள்ளத்துக்குள் விரல் நுனியால் அமுக்குகிறார் ஓவியர். அவர் நெற்றியிலிருந்து வியர்வை மூக்கு நுனிக்கு இறங்குகிறது. பையன் துண்டோடு தயாராக நிற்கிறான். சொட்டு விழுவதற்கு முன்னால் ஒற்றி எடுத்துவிடவேண்டும், அதுதான் அந்த நேரத்தில் அவனுடைய உத்தியோகம். யாரும் பேசுவதில்லை. யாருக்காவது தும்மல் வந்தால் முகத்தை முழங்கைக்குள் புதைத்துக்கொண்டு சமையலறைக்கு ஓடவேண்டும் என்பது சட்டம். என் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. கண்ணை எடுக்க மனசு வரவில்லை. வெள்ளைச் சுண்ணாம்பாகக் கிடந்த கிரீடம் விரலுக்கு விரல் பற்றிக்கொண்டு எரிகிறது. கடையில் இதைப் பார்ப்பவர் எவருக்கும் இந்தப் புழுக்கம் தெரியாது.

முடிந்ததும் விசிறி. எல்லாரும் அதன் கீழே. அக்காவின் புறங்கையில் தங்கத் துணுக்கு, பையன் புருவத்தில் தங்கம், பெரியப்பா காதில் தங்கம். விழுந்த பொடியை மெல்லிய பிரஷால் கூட்டிப் பொட்டலம் கட்டுகிறார்கள். “எங்க வீட்டுக் குப்பைதான் தஞ்சாவூர்லயே வெல ஒசந்த குப்பை” என்று அக்கா சொல்ல, டீ வருகிறது.

டீக்குப் பின்னால்தான் வேட்டித் துணி விலகியது.

வெண்ணெய்த்தாழிக் கிருஷ்ணன், யசோதை. தஞ்சாவூர்ப் படம் என்றாலே நினைவுக்கு வருகிற அதே அமைப்பு. வளைந்த மண்டபம், சுருட்டிக் கட்டிய திரை, தூணெல்லாம் தங்கம், பருத்த குழந்தை, மடியில் வெண்ணெய்ப் பானை. ஆனால் யசோதையின் முகத்தைக் காணவில்லை. அந்த இடத்தில் ஒரு மாவு சல்லடை கவிழ்ந்திருக்கிறது!

“ஆயில் காயறதுக்கு நாளாகும். இந்தக் காத்துல பறக்கிற தூசி, தங்கப்பொடி எல்லாம் ஈரத்துல வந்து ஒட்டிக்கும். அதான்” என்றார் ஓவியர் ஒரு திருட்டுச் சிரிப்போடு. சமையலறையிலிருந்து அவர் மனைவியின் குரல்: “சல்லடை அங்கதான இருக்கு? கேட்டா இல்லைன்னீங்க!” அறை வெடித்துச் சிரித்தது. சல்லடையை எடுத்தார்.

எனக்குப் பேச்சு வரவில்லை. சுற்றிலும் தங்கத்தில் தகதகக்கிற தேவலோகத்து மண்டபம். நடுவே, தஞ்சை ஜில்லாவின் ஏதோ ஒரு வயலிலிருந்து இப்போதுதான் கரையேறி வந்த ஒரு பெண். கறுத்த முகம். மேலுதட்டில் வியர்வை. இடது கன்னத்தில் ஜன்னல் வெளிச்சம் விழுந்து, வலது கன்னம் நிழலுக்குள் மெதுவாக இறங்குகிறது. காதோர மயிர் ஈரமாக ஒட்டிக்கிடக்கிறது.

இந்தப் படத்தில் ஒரு மல்லுக்கட்டு நடக்கிறது, நன்றாகப் பாருங்கள். பழைய தஞ்சாவூர்ப் படத்தில் நிழல் என்பது பேருக்குத்தான், கன்னத்தோரம் லேசாக ஒரு பூச்சு. வெளிச்சம் வெளியிலிருந்து வருவதில்லை, தங்கத்திலிருந்து கிளம்பி நம் மேல் விழுகிறது. பூஜையறை இருட்டில் ஒற்றை விளக்கு ஆடினால் சாமி அசைவதுபோலத் தோன்றுவது அதனால்தான். மேற்கத்திய ஆயில் ஓவியத்துக்கு அது ஆகாது. அங்கே ஒரு ஜன்னல் வேண்டும், அதற்கு ஒரு திசை வேண்டும், ஒரு பக்கம் வெளிச்சம் என்றால் மறுபக்கம் இருட்டியே தீரவேண்டும். இரண்டையும் ஒரே பலகையில் உட்காரவைத்தால் ஒன்றை ஒன்று அடித்துவிடும். தங்கம் முகத்தைத் தின்னும், அல்லது முகத்துக்கு முன்னால் தங்கம் வெறும் ஜிகினாவாகிவிடும். “நாலு பலகை வீணாச்சு” என்றார் ஓவியர். எப்படித் தீர்த்தாராம்? நிழல் விழும் கன்னத்தில் கறுப்பைச் சேர்க்காமல், பக்கத்துத் தூணின் தங்கம் எதிரொளிப்பதுபோல ஒரு செம்மஞ்சள் கோட்டைச் சேர்த்தார். தங்கமும் அவளுக்கு வெளிச்சம் கொடுக்கிறது இப்போது. அவ்வளவு சின்னக் கோடு! விரலால் மறைத்தால் படம் இரண்டாகிவிடுகிறது. எடுத்தால் ஒன்றாகிவிடுகிறது. நான் பல தடவை மறைத்து மறைத்துப் பார்த்தேன்.

இந்த முகத்துக்கு ஒரு பரம்பரை உண்டு. கும்பகோணம் பக்கம் செம்பியவரம்பல் கிராமத்தில் 1979-ல் பிறந்த ஓவியர் இளையராஜாவை விகடன் வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். கும்பகோணம் கல்லூரியில் படித்து, பிறகு சென்னையில் படித்து, நம் வீட்டுப் பெண்களை, நிலைப்படியில் சாய்ந்தவர்களை, அடுப்படியில் குனிந்தவர்களை, ஐரோப்பியப் பெரும் ஓவியர்களுக்குச் சமமான பொறுமையோடு ஆயிலில் வரைந்தவர். கறுப்பு நிறத்துக்குள் எத்தனை நிறம் இருக்கிறது என்று தமிழ்நாட்டுக்குக் காட்டியவர். 2021 ஜூனில் கொரோனா அவரை நாற்பத்திரண்டு வயதில் கொண்டுபோய்விட்டது. பட்டறைச் சுவரில், கண்ணாடி போடாமல், பத்திரிகையிலிருந்து வெட்டி எடுத்த அவர் ஓவியம் ஒன்று குண்டூசியில் தொங்குகிறது. “எங்க காலேஜ்” என்று மட்டும் சொன்னார் நம் ஓவியர். அந்த இரண்டு சொல்லில் இருந்த பெருமையை நீங்கள் கேட்டிருக்கவேண்டும். தஞ்சாவூரில் 1924-ல் பிறந்த கோபுலுவும் கும்பகோணத்தில்தான் ஓவியம் படித்தார். ‘தில்லானா மோகனாம்பாள்’ தொடருக்கு வரைந்த அதே கோபுலு. காவிரிக்கரைக்கு இந்த விஷயத்தில் குறையே இல்லை.

மதியம் சாப்பாட்டுக்கு முன், “வாங்க, இதெல்லாம் நான் கண்டுபிடிச்சதில்லன்னு காட்டறேன்” என்று ஓவியர் என்னைத் தன் வண்டியின் பின்னால் ஏற்றிக்கொண்டு அரண்மனைக்குப் போனார்.

போகிற வழியிலேயே பெரிய கோயில் விமானத்தின் வடபக்கம் கையை நீட்டினார். அங்கே ஒரு தொப்பிக்காரர் சிலையாக இருப்பது தஞ்சாவூர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் தெரியும். சோழர் கோயிலில் ஐரோப்பியத் தொப்பி எப்படி வந்தது என்று அறிஞர்கள் வாதாடுகிறார்கள். 1620-ல் ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டுத் தரங்கம்பாடியில் இறங்கிய டேனிஷ்காரர்களை நினைத்துக்கொள்பவர்களும் உண்டு. நமக்கு வண்டி நிற்கவில்லை.

அரண்மனையின் தர்பார் மண்டபத்தில் இரண்டாம் சரபோஜி வெள்ளைப் பளிங்கில் கைகூப்பி நிற்கிறார். செய்தவர் லண்டன் சிற்பி ஜான் ஃபிளாக்ஸ்மன். டேனிஷ் மிஷனைச் சேர்ந்த சுவார்ட்ஸ் பாதிரியாரிடம் பாடம் படித்து, 1798-ல் பட்டத்துக்கு வந்து, மறுவருஷமே நாட்டைக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் கொடுத்துவிட்டுக் கோட்டையோடு நின்றுபோன ராஜா. அதிகாரம் போனது. ஆனால் ஆர்வம் போகவில்லையே! சுவடியும் புத்தகமும் சேர்த்தார், கண் வைத்தியம் பார்த்தார், நோயாளிகளின் கண்களைப் படமாக வரையச் சொல்லிக் குறிப்பெழுத வைத்தார். யோசித்துப் பாருங்கள்: சாமிக்குக் கண் திறந்து பழகிய ஓவிய மரபு, ஒரு குடியானவனின் புரை விழுந்த கண்ணை உள்ளது உள்ளபடி வரைகிறது! தஞ்சாவூரில் மேற்கு அப்படித்தான் நுழைந்திருக்கிறது, வைத்தியத்துக்குத் துணையாக.

சரஸ்வதி மகால் அருங்காட்சியகத்தில் எங்கள் ஓவியர் நேராக ஒரு கண்ணாடிப் பேழைக்கு இழுத்துக்கொண்டு போனார். பதினான்காம் லூயியின் அரண்மனை ஓவியர் சார்ல் லெ புருனின் படங்கள். மனித முகத்துக்குப் பக்கத்தில் ஆடு, ஆந்தை, கழுகு. மனிதன் மெல்ல மெல்ல விலங்காகிறான், இல்லை விலங்கு மனிதனாகிறது. “இது யாரு தெரியுதா?” என்று ஓர் ஆந்தை முகத்தைக் காட்டி என் காதில் ஒரு சொந்தக்காரர் பேரைச் சொன்னார். காவலாளி திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்துவிட்டோம். சின்ன வயசில் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவந்தபோது இதற்கு முன்னால் நின்றுபோனவராம். ஆசிரியர் வந்து கையைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்ததாம்.

கம்பெனி அதிகாரிகளுக்காகத் தஞ்சாவூர் ஓவியர்கள் வரைந்த படங்களையும் வழியெல்லாம் வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டு வந்தார். குயவனும் மனைவியும், பாம்பாட்டியும் மனைவியும் என்று ஜோடி ஜோடியாகக் காகிதத்தில் தீட்டி, காலடியில் ஐரோப்பிய முறையில் ஒரு சின்ன நிழலும் போட்டுச் சீமைக்கு அனுப்பினார்கள். அதே கைகள் சாயங்காலம் வீட்டுக்குப் போய்ப் பலகையில் கிருஷ்ணனுக்குத் தங்கம் ஒட்டியிருக்கவும் கூடும்! சரபோஜிக்குப் பின் வந்த சிவாஜியோடு, 1855-ல் அரசும் முடிந்தது. அதற்குப் பிறகு செட்டிநாட்டு வீடுகள் பலகைப் படங்களுக்கு இடம் கொடுத்தன. இன்னொரு பக்கம் ரவிவர்மா ஆயிலில் சரஸ்வதியையும் லட்சுமியையும் வரைந்து, 1894-ல் அச்சகமும் தொடங்கி, வீட்டுக்கு வீடு சாமிப்படத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

“வயலின் யாருது?” என்று திடீரென்று கேட்டார் ஓவியர், வண்டியை உதைத்தபடி. திருவாரூர் பாலுசுவாமி தீட்சிதர் அதை நம் சங்கீதத்துக்குள் கொண்டுவந்தார், தஞ்சை நால்வர் எனப்படும் சகோதரர்களில் வடிவேலு அதை வாசித்தார். இன்றைக்கு வயலின் இல்லாமல் ஒரு கச்சேரி உண்டா? “அதைச் சம்மணம் போட்டு உக்காந்து, கால்ல முட்டுக்குடுத்து வாசிக்கிறோம்ல? அதான். கருவி அவங்களுது, உக்காந்த விதம் நம்முளுது.” இவ்வளவு நேரம் நான் தேடிக்கொண்டிருந்ததை ஒரு கிக்கர் உதையில் சொல்லிவிட்டார். என் பார்வையில் இந்தப் பட்டறையின் ரகசியம் அதுதான். ஆயில், ஜன்னல், நிழல் எல்லாம் வரலாம், ஆனால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாக வேண்டும்.

திரும்பி வந்தால் யசோதை வந்திருந்தார்!

வெண்ணாற்றங்கரைப் பக்கத்து ஊரிலிருந்து வருகிற அத்தை. மேட்டூர் அணையில் ஜூன் 12-ல் திறந்த தண்ணீரில் நட்ட குறுவைக்கு இப்போது களை எடுக்கிற பருவம். இன்றைக்கு ஒருநாள் வேலையை விட்டுவிட்டு வந்திருக்கிறார். குதிகால் வெடிப்பில் வயல்சேறு காய்ந்து வெளுத்திருக்கிறது. ஜன்னலுக்கு எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினார். பழகிய மாடல்! ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது, முனகல் ஆரம்பம்.

“ஏந்தம்பி, இதுக்கு நான் ரெண்டு வேலி களை எடுத்துடுவேன். சும்மா உக்காந்திருக்கிறதுதான்டா ஒலகத்துலயே கஷ்டமான வேல.”

“பேசாதீங்கத்தே, ஒதடு நகருது.”

“பேசாம இருந்தா என் மொகம் எனக்கே அடையாளம் தெரியாது.”

ஓவியர் பிரஷைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்கிறார். பையன் வெற்றிலைத் தட்டை நீட்டுகிறான். அத்தை கொழுந்து வெற்றிலையாகப் பொறுக்கிக் காம்பு கிள்ளுகிறார். ஆயிலுக்காக முகம் வரும் இடத்தில் மட்டும் தனியாக ஒரு பூச்சுக் கொடுத்து மூடியிருக்கிறார்கள், இல்லாவிட்டால் சாக்பவுடர் தளம் எண்ணெயை உறிஞ்சி முகம் மங்கிப்போய்விடும். அந்தப் பூச்சின்மேல் ஓவியர் மறுபடி வேலையைத் தொடங்கினார். அத்தையைப் பார்க்கிறார், கண்ணைச் சுருக்குகிறார், காலண்டர் அட்டையில் மண்ணிறத்தையும் நீலத்தையும் குழைக்கிறார், ஒரு தொடல். மறுபடி பார்க்கிறார். மூச்சு விடுகிறோமா என்றே தெரியாமல் நாங்கள் பின்னால் நிற்கிறோம்.

நடுவில் போன். படத்தை வாங்கப்போகிறவர், வீடியோவில் பார்க்கவேண்டும் என்றார். ஓவியர் போனைப் பலகைப் பக்கம் திருப்பினார். தங்கத்தைப் புகழ்ந்தார்கள், குழந்தையைப் புகழ்ந்தார்கள். பிறகு ஓர் இழுப்பு: “சார், யசோதாவை மட்டும் கொஞ்சம்... செவப்பா...”

அறையில் யாரும் அத்தையைப் பார்க்கவில்லை. அத்தை வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தார்.

“நெறம் மாத்தினா வெளிச்சம் மாறிடுங்க. வெளிச்சம் மாறினா தங்கத்தையே உரிச்சு மறுபடி ஒட்டணும். முடியாதுங்க” என்றார் ஓவியர், குரலை உயர்த்தாமல். எதிர்முனையில் யோசித்தார்கள். சரி என்றார்கள். போனை வைத்தபின் அவர் கை லேசாக நடுங்கியது. பெரிய ஆர்டர் அது, போயிருக்கலாம். வயலில் நின்று இந்த நாட்டுக்குச் சோறு போடுகிற நிறத்தைத் தங்கத்துக்கு நடுவில் உட்காரவைக்கக் கூடாது என்று யார் சொன்னது? கிருஷ்ணன் என்ற பேரே கறுப்புதானே! எனக்கு அந்த நிமிஷம் எழுந்து கைதட்டவேண்டும் போலிருந்தது.

கடைசியாகக் கண். இங்கேதான் பட்டறையின் பழைய வழக்கு மறுபடி விசாரணைக்கு வருகிறது. கண் திறப்பது எல்லாவற்றுக்கும் கடைசியில் என்பது பெரியப்பாவின் பக்கம், பரம்பரைப் பக்கம். கல்லூரியில் முகம் வரையக் கற்றவருக்கோ கண்ணில் தொடங்கினால்தான் சாயல் பிடிபடும். வீட்டில் இதற்காகச் சாப்பிடாமல் எழுந்துபோன நாளெல்லாம் உண்டாம். சமரசம் அழகானது: இமை, வெள்ளை விழி, பாவை எல்லாம் முன்னாலேயே வந்துவிடும். கருமணிக்குள் விழுகிற அந்த ஒரு வெள்ளைப் புள்ளி மட்டும் கடைசி நாளுக்குக் காத்திருக்கும். அந்தப் புள்ளிதான் ஜன்னல். ஜன்னல் வந்து விழுந்தால்தான் கண் பார்க்கும்.

சூடம் ஏற்றினார்கள். பெரியப்பா பிரஷைத் தொட்டுக் கொடுத்தார். ஓவியர் நாலு மயிர்ப் பிரஷில் வெள்ளையை எடுத்து ஒரு கண்ணில் ஒன்று, மறு கண்ணில் ஒன்று வைத்தார். யசோதை குழந்தையைப் பார்த்துவிட்டாள்!

“மூக்குத்தி எங்கடா?” என்றார் அத்தை.

அவ்வளவுதான், பட்டறை இரண்டு கட்சியானது. அக்கா பிஸ்கட் டப்பாவோடு வந்துவிட்டார்: நகை என்றால் கல் பதிக்கவேண்டும், அதுதான் தஞ்சாவூர். ஓவியர் தலையாட்டினார்: ஆயில் முகத்தில் நிஜக் கல் வைத்தால் முகம் பொம்மையாகிவிடும், மூக்குத்தியையும் வெளிச்சப் புள்ளியாகத் தீட்டவேண்டும். பையன் அக்கா கட்சி. பெரியப்பா யார் கட்சி என்று சொல்லாமல் உப்புத்தாளைத் தேடினார். அக்கா கேட்டாரே ஒரு கேள்வி: “கோயில்ல விளக்கு ஏத்துறப்ப உங்க புள்ளி மின்னுமாண்ணே?” மின்னாது. ஓவியர் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு டப்பாவைக் கிளறி, அதில் இருப்பதிலேயே சின்னதாக ஒரு வெள்ளைக் கல்லை எடுத்தார். மக்கு இல்லை, மேடு இல்லை, நேராகத் தோலோடு தோலாகப் பதித்து, கல்லின் நிழலை மட்டும் ஆயிலில் கீழே ஒரு கீற்றாகத் தீட்டினார். கல் அக்காவுடையது, நிழல் அவருடையது. இரண்டு கட்சிக்கும் வெற்றி. நான் இடமும் வலமும் நகர்ந்து பார்த்தேன், நகர நகர மினுக்குகிறது.

அத்தை எழுந்து முட்டியைத் தேய்த்துவிட்டுக்கொண்டு, தன் முகத்துக்கு முன்னால் வந்து நின்றார். மேலும் கீழும் பார்த்தார். புடவை பழசு என்றார். பட்டு கட்டிவிட்டிருக்கலாமாம். அப்புறம் விலை கேட்டார். அக்கா காதில் சொன்னார். அத்தையின் கை வாய்க்குப் போனது.

“இம்மாங் காசா! அப்ப அடுத்த படத்துக்கு எம் பேத்தியக் கூட்டியாறேன். கிருஷ்ணனா உக்காரவை.”

“பொம்பளப்புள்ளையவா அத்தே?”

“வெண்ணெ திங்கிறதுல அவள மிஞ்சின ஆம்பள இன்னும் பொறக்கல.”

ஓவியர் பையனைப் பார்த்தார். பையன் டேப்பை எடுத்துப் புதுப் பிளைவுட்டை அளக்கத் தொடங்கிவிட்டான்.